வேட்டைநாய்களும் கலப்பும்: எடுத்தனூர் முதல் நுவரெலியா வரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பகுதியில் எடுத்தனூர் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு கிடைத்த நடுகல் ஒன்று முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்ற வீரன் தன் எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்தான் என்று அதில் வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. நாய்க்கென்று தனி வாசகம் உண்டு. அதன் பெயர் கோவிவன். அது கள்ளனைக் கடித்து, தலைவனின் அருகே காத்து நின்றது என்பது அந்த வாசகத்தின் செய்தி.

செங்கம் வட்டார நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இரா. நாகசாமியின் பதிப்பில் 1972-ல் நூலாக வெளியிட்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆநிரை கவர்தலிலும் மீட்டலிலும் இறந்தவர்களுக்கு எடுக்கப்பட்டவை. கால்நடையே செல்வமாக இருந்த மேய்ச்சல் நாட்டில் நாய் அந்தச் செல்வத்தின் காவலாள். ஆகவே அதற்குப் பெயர் இருந்ததிலும், அந்தப் பெயர் கல்லில் ஏறியதிலும் வியப்பில்லை.

இதனோடு சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொரு கல் கர்நாடகத்தின் ஆதகூரில் கிடைத்தது. இப்போது பெங்களூர் அருங்காட்சியகத்தில் உள்ளது. 949-ஐ ஒட்டி இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்தின் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் கொல்லப்பட்டான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன். போரில் காட்டிய வீரத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது, அவன் அரசனிடம் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. பின்னர் அந்த நாய் ஒரு பெரிய பன்றியோடு பொருதியது. பன்றியும் இறந்தது, நாயும் இறந்தது. நாய்க்காகக் கல் நட்டு, நிலம் விட்டு, பூசைக்கும் ஏற்பாடு செய்தார்கள். ஊரையோ பொன்னையோ கேட்டிருக்கக்கூடிய இடத்தில் ஒரு வீரன் நாயைக் கேட்டான் என்பதை, நல்ல வேட்டைநாய்க்கு அக்காலத்தில் இருந்த மதிப்பின் அளவாகவே கொள்ளலாம்.

கோவிவன் செய்தது காவல். காளி செய்தது வேட்டை. இரண்டு வேலைக்கும் ஒரே உடல் பொருந்தாது. நாய் வளர்ப்பின் வரலாற்றில் கலப்பு என்ற பேச்சு எழுவதே இங்கிருந்துதான்.

கண்ணால் ஓடும் நாயும் மூக்கால் ஓடும் நாயும்

வேட்டைநாய்களை இருபெரும் வகையாகப் பிரிப்பது வழக்கம். ஒரு வகை இரையைக் கண்ணால் பார்த்து விரட்டுவது. நீண்ட கால், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, ஒடுங்கிய முகம் ஆகியவை இதன் அடையாளங்கள். கிரேஹவுண்ட் இவ்வகையில் மிக விரைவானது, மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். இந்த வேகம் நெடுநேரம் நிற்காது. மற்ற வகை மோப்பத்தால் தடம் பிடிப்பது. இதற்கு வேகம் குறைவு, ஆனால் மணிக்கணக்கில் களைக்காது.

ஸ்காட்லாந்தின் டீர்ஹவுண்ட் முதல் வகையைச் சேர்ந்தது. சிவப்பு மானைத் துரத்திப் பிடிப்பதற்கென்றே வளர்க்கப்பட்ட, சொரசொரப்பான முடி கொண்ட பெரிய நாய். ஆண் நாய் 76 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரமும் 45 கிலோ அளவு எடையும் உடையது. 19ஆம் நூற்றாண்டில் துப்பாக்கி மேம்பட்டதும் இதன் வேலை மாறியது. தொலைவிலிருந்தே மானைச் சுட முடிந்தபின் விரட்டிப் பிடிக்கும் நாய் தேவையில்லை; காயம்பட்டு ஓடும் மானின் தடத்தைப் பின்தொடரும் நாயே தேவைப்பட்டது. அதற்கு மூக்கு வேண்டும். எனவே டீர்ஹவுண்டை மேய்ப்பு நாயோடும் மோப்ப நாயோடும் கலந்தார்கள். எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் புகழ்பெற்ற நாயான மைடாவே தூய டீர்ஹவுண்ட் அல்ல, கலப்புதான். ஆஸ்திரேலியாவில் குடியேறியவர்கள் டீர்ஹவுண்டையும் கிரேஹவுண்டையும் சேர்த்துக் கங்காரு நாயை உருவாக்கினார்கள்.

இந்த மரபு தமிழர் வாழும் நிலத்துக்கு மிக அருகில் வந்த இடம் இலங்கையின் மலைநாடு. சாமுவேல் பேக்கர் 1840களின் இறுதியில் நுவரெலியாவில் குடியேறி, நாய்க்கூட்டம் ஒன்றை வைத்து மரை (சாம்பார் மான்) வேட்டையாடினார். அந்த அனுபவத்தை 1850களில் நூலாகவும் எழுதினார். அவரது கூட்டத்தில் வேலைப் பிரிவினை இருந்தது. அடர்காட்டில் தடம் கண்டு கிளப்புபவை மோப்ப நாய்கள். வெளியில் வந்த மானை எட்டிப் பிடிப்பவை நீண்டகால் நாய்கள். மான் ஓடையில் இறங்கி எதிர்த்து நிற்கும்போது பேக்கர் கத்தியுடன் நெருங்குவார். சிறுத்தையிடமும் மானின் கொம்பிலும் அவர் இழந்த நாய்கள் பல. நீலகிரியிலும் இதே நூற்றாண்டில் உதகை வேட்டைக் கழகத்தார் இங்கிலாந்து நாய்களைக் கொண்டுவந்து நரி விரட்டினார்கள். இரண்டுமே குளிர்ந்த மலைகள் என்பதைக் கவனிக்க வேண்டும். கோடையில் 40 பாகையைத் தொடும் திருவண்ணாமலைச் சமவெளியில் அந்த முடியோடு ஒரு டீர்ஹவுண்ட் நண்பகலில் ஓட முடியாது.

சமவெளிக்கு வேறு வழி கண்டவர் உத்தரப் பிரதேசத்தின் இராம்பூர் நவாப் அகமது அலி கான். ஆப்கானிய தாசி நாயின் துணிவையும் ஆங்கில கிரேஹவுண்டின் வேகத்தையும் சேர்த்து அவர் உண்டாக்கியதே இராம்பூர் வேட்டைநாய். உள்ளூர் வெப்பத்தைத் தாங்கும் குருதியை விட்டுவிடாமல் கலந்ததால்தான் அது நிலைத்தது என்று கருத இடமுண்டு.

தமிழகத்தின் வேலைநாய்கள்

தென்தமிழகத்தின் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் ஓடும் வகை. முயல் விரட்டவும் வீட்டைக் காக்கவும் வளர்க்கப்பட்டவை. இராசபாளையம் உடல் கனத்தது, பால்வெள்ளை நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பயன்பட்டது. ஆங்கிலேயர் இதைப் பாளையக்காரர் நாய் என்ற பொருளில் அழைத்தனர். தேனிப் பக்கத்துக் கோம்பை இவற்றைவிடக் குட்டை, கட்டான உடல். கேழ்வரகுக் கூழும் கம்பங்களியும் மோரும்தான் இவற்றின் அன்றாட உணவு. இறைச்சி, வேட்டை கிடைத்த நாளில் மட்டும்.

ஊர்களில் இனப்பதிவேடு கிடையாது. எந்த நாய் ஓடியது, எது பின்வாங்கியது என்று ஊரே அறியும். ஓடியதோடு ஓடியதைச் சேர்த்தார்கள். 63 நாள் சினைக்குப்பின் ஈன்ற குட்டிகளில் திடமானவற்றையே வைத்துக்கொண்டார்கள். கடுமையான முறைதான். ஆனாலும் வேலையே தேர்வாக இருந்தது.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. முயலை நாய்விட்டுப் பிடிப்பதும் அதில் அடங்கும். சட்டம் தேவையானதே, காட்டில் மிஞ்சியிருந்தது அவ்வளவு குறைவு. ஆனால் அதோடு நாயின் தேர்வும் போயிற்று. வேலை போனபின் நிறமும் உயரமும் விலையும் அளவுகோலாயின. இராசபாளையத்தில் வெள்ளையை மட்டுமே விரும்பி நெருங்கிய உறவில் சேர்த்ததன் விளைவு, காது கேளாத குட்டிகள். நிறமியைத் தடுக்கும் அதே மரபணு உட்காதின் வளர்ச்சியையும் பாதிக்கிறது. மறுபுறம், பந்தயத்துக்காகச் சிப்பிப்பாறையில் கிரேஹவுண்டைக் கலக்கிறார்கள்.

இப்படிக் கலப்பதில் மாணவர்கள் அறிய வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. இரு தூய இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் ஒரே சீராக, ஊக்கமுள்ளவையாக இருக்கும். அதைப் பார்த்துக் கலப்பு வெற்றி என்று நம்பிவிடுகிறார்கள். அந்தக் குட்டிகளைத் தங்களுக்குள் சேர்த்தால் அடுத்த ஈற்றில் பண்புகள் சிதறும். ஒன்றுக்குக் கால் நீளும், ஒன்றுக்கு முடி நீளும், ஒன்று ஓடவே மறுக்கும். கலப்பை நிலைநிறுத்தப் பல தலைமுறைகளும் கறாரான தேர்வும் வேண்டும். தூய பெட்டை நாயே இல்லாமற்போன ஊரில் திரும்பத் தொடங்கவும் வழியில்லை.

அரசு 1980களின் தொடக்கத்தில் சென்னை சைதாப்பேட்டையில் நாட்டு நாய்களுக்கென இனப்பெருக்கப் பிரிவு தொடங்கியது. 2005-ல் இராசபாளையம், இராம்பூர், முதோல் நாய்களும் இமயமலை மேய்ப்பு நாயும் அஞ்சல்தலையில் இடம்பெற்றன. சு. தியடோர் பாஸ்கரன் 2017-ல் இந்திய நாயினங்கள் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கர்நாடகத்தின் முதோல் நாயை 2016-ல் இராணுவம் மீரட்டில் பயிற்சிக்கு எடுத்தது. இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது கடைசிச் செய்திதான், அது நாய்க்கு மீண்டும் ஒரு வேலை தந்தது.

திருவண்ணாமலை நகரிலேயே வேறுவகை வேலை செய்த நாய் ஒன்று இருந்தது. ரமணர் கந்தாசிரமத்தில் வாழ்ந்த காலத்தில் கமலா என்ற நாய், புதிதாக வருபவர்களை அவர் சொன்னால் அழைத்துச் சென்று சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் என்று ஆசிரம வரலாறுகள் கூறுகின்றன. ரமணாசிரமத்தில் ஜாக்கி என்ற நாய்க்குச் சமாதியே உள்ளது. அதன் அருகில் வள்ளி என்ற மானுக்கும் ஒன்று.

அதே மலையில் இன்று புள்ளிமான்கள் வாழ்கின்றன. கோடையில் தண்ணீர் தேடி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைப் பக்கம் இறங்கும் மான்களைத் தெருநாய்கள் கூட்டமாக விரட்டுகின்றன. ஆழமான கடி இல்லாவிட்டாலும், துரத்தப்பட்ட அதிர்ச்சியில் தசை சிதைந்து மான் இறந்துபோவதுண்டு. விரட்டும் குணம் எந்த நாயிலும் கொஞ்சம் இருக்கிறது. வேட்டைநாய்க் கலப்பில் அது பல மடங்கு. பெருநகரில் விற்கப்படும் அத்தகைய குட்டி ஓராண்டில் வளர்ந்து, சங்கிலியில் அடங்காமல், மலையோரத்தில் அவிழ்த்துவிடப்படுமானால் அதன் கண்ணில் முதலில் படுவது அந்த மான்தான்.