ஷட் கிளினிக்

ஷட் கிளினிக் என்பது பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இயங்கும் சிறப்புச் சிகிச்சைப் பிரிவு. செல்போன், ஆன்லைன் விளையாட்டு, சமூக ஊடகம் ஆகியவற்றில் அளவு மீறி மூழ்கியவர்களுக்கும் அவர்களின் குடும்பத்தாருக்கும் இங்கே ஆலோசனை தரப்படுகிறது. 2014இல் தொடங்கிய இப்பிரிவு, இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. இதை முன்னின்று உருவாக்கியவர் அங்குள்ள மருத்துவ உளவியல் துறைப் பேராசிரியர் மனோஜ் குமார் சர்மா. டெல்லி எய்ம்ஸிலும் 2016இல் இத்தகைய பிரிவு ஏற்பட்டது.

சிகிச்சை முறை

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. பேச்சும் பழக்கமாற்றப் பயிற்சியுமே அவருடைய கருவிகள். பள்ளிப் பாடமும் செல்போன் வழியே வருவதால், அதை அறவே விலக்குவது இங்கே நோக்கமல்ல; அளவோடு பயன்படுத்தப் பழக்குவதே நோக்கம். தூக்கம், படிப்பு, வீட்டுச் சச்சரவு, தனிமை எல்லாம் சேர்த்தே விசாரிக்கப்படுகின்றன.

எது நோய்?

நெடுநேரம் விளையாடுவது மட்டுமே நோயாகிவிடாது. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட அதையே முதன்மையாகக் கொள்ளுதல், பாதிப்பு தெரிந்த பிறகும் தொடர்தல் ஆகிய மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் அடையாளங்களாகக் கூறுகிறது. இவை பொதுவாக 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். 2019இல் ஏற்கப்பட்ட இவ்வரையறை 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது.

பெற்றோருக்கான அளவுகோல்

இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கத்தின் பரிந்துரைப்படி, 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. உறவினருடன் எப்போதாவது வீடியோ காலில் பேசுவது மட்டும் விலக்கு. 2 முதல் 5 வயது வரை, பெரியவர் துணையுடன் நாளுக்கு 1 மணி நேரத்துக்குள். 5 முதல் 10 வயது வரை 2 மணி நேரத்துக்குள். சாப்பாட்டு வேளையிலும் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலும் திரை அணைந்திருக்க வேண்டும். இவ்விதிகளைப் பெற்றோர் தாங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்பது பரிந்துரையின் முக்கியக் கூறு.

திருப்பூர் ராயபுரம் போன்ற பனியன் தொழில் பகுதிகளில் இவ்விதிகளைப் பின்பற்றுவது எளிதல்ல. தாயும் தகப்பனும் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீட்டில், பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குச் செல்போனே துணையாகிவிடுகிறது. அங்கே 'பெரியவர் துணையுடன்' என்ற நிபந்தனைக்குப் பாட்டியோ பக்கத்து வீட்டாரோதான் கைகொடுக்க வேண்டும்.

சட்டமும் உதவியும்

தமிழ்நாடு 2023இல் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. அதன்கீழ் 2025இல் வந்த விதிகள், 18 வயதுக்குட்பட்டோர் பணம் கட்டி விளையாடுவதைத் தடுத்தன. பணம் கட்டாத விளையாட்டில் கழியும் நேரம் இவ்விதிகளுக்குள் வராது. அது பெற்றோரின் பொறுப்பாகவே இருக்கிறது.

பெங்களூரு செல்ல இயலாதோர் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவி எண்ணான 14416ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய இச்சேவைக்கு நிம்ஹான்ஸே தலைமை மையம். தமிழுடன் இந்தி, ஒடியா உள்ளிட்ட 20 மொழிகளில் கிடைப்பதால், திருப்பூருக்கு வேலை தேடி வந்த வடமாநிலக் குடும்பங்களுக்கும் இது பயன்படும்.