பாங்காக்கில் ஒரு மார்கழி ஊஞ்சல்



பாங்காக்கில் வேலை பார்க்கும் மகன் வீட்டில் இருபது நாள் இருந்துவிட்டு வந்தேன். படம் மட்டும் போட்டால் போதாது, எழுதுங்கள் என்று பலர் கேட்டீர்கள். எழுதுவதற்கு எனக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

பெரிய நகரம். தலைக்கு மேலே ரயில், கீழே நெரிசல், நடுவில் ஆறு. 1782இல் முதலாம் ராமா மன்னர் அதைத் தலைநகராக்கினார். அதற்கு முந்தைய தலைநகர் தோன்புரி; அதற்கும் முன்பு அயுத்தயா, அதாவது நம் அயோத்தி.

பழைய நகரப் பகுதியில் வாட் சுதாட் என்ற பௌத்த ஆலயத்தின் முன்னே சிவப்பு நிறத்தில் இரண்டு பிரம்மாண்டமான தேக்குத் தூண்கள் நிற்கின்றன. அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். வாசற்கால் போலத் தெரிந்தது. "அது ஊஞ்சல்ப்பா" என்றான் மகன். 1784இல் நிறுவப்பட்டதாம். ஆட்கள் அதில் நின்று ஆடி, உயரமான மூங்கிலில் கட்டிய பணமுடிப்பைப் பல்லால் கவ்வி எடுப்பார்களாம். விபத்துகள் நடந்ததால் 1930களில் ஊஞ்சலாட்டத்தை நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள தூண்கள் 2007இல் புதிதாக நட்டவை.

அந்த விழாவின் பெயர்தான் என்னை அங்கேயே நிற்கவைத்தது: திரியம்பவாய், திரிபவாய். இரண்டு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! முதல் பகுதி சிவனுக்கு, அடுத்தது திருமாலுக்கு. காலமும் நம் மார்கழி, தை ஒட்டித்தான்.

பக்கத்திலேயே தேவஸ்தான் என்ற கோயில். சிவன், பிள்ளையார், நாராயணன் மூவருக்கும் தனித்தனிச் சன்னதி. ஊஞ்சல் நின்றாலும் அங்கே பூஜை நிற்கவில்லை. அங்குள்ள அந்தணர்கள் பரம்பரையாக ஓதிவருபவை உருமாறிய தமிழ்ப் பாசுரங்கள் என்பதை மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். சிங்காரவேலு போன்ற அறிஞர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஏடுகளில் இருப்பது நம் கிரந்தத்திலிருந்து வந்த எழுத்து. ஓதுபவர்களுக்குப் பொருள் தெரியாது. ஆனாலும் விடவில்லை.

நம் ஊரில் மார்கழி விடியலில் பாடலாத்ரி நரசிம்மர் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்டுத்தான் நாமெல்லாம் எழுந்திருப்போம். குன்றையே குடைந்த கோயில். பெருமாளைச் சுற்ற வேண்டுமென்றால் குன்றையே சுற்ற வேண்டும். அந்தப் பாட்டு கடலைச் சுற்றிக்கொண்டு வந்து எதிரே நின்றது போல இருந்தது எனக்கு.

எப்படிப் போயிருக்கும்? தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. குளம் வெட்டியதையும், அது மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் இருந்ததையும் அது சொல்கிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். நம் மாமல்லைக் கடற்கரையை ஆண்ட அதே பல்லவர் குலம். படை எடுத்துப் போனவன் குளம் வெட்டிக்கொண்டிருக்க மாட்டான். தங்கி வாழ வந்தவன்தான் வெட்டுவான்.

இப்போது அந்தக் காரணம். ஏழாம் வகுப்பில் ராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் வென்ற பாடம் நடத்தியபோது ஒருவன் எழுந்து, "சார், நம்ம ஆளுங்க சண்டைக்கு மட்டும்தான் கப்பல்ல போனாங்களா?" என்று கேட்டான். "புத்தகத்துல இல்லாததைக் கேட்காதே, உட்கார்" என்றேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதன் பிறகு அவன் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

தம்பி, நீ இதைப் படித்தால் தெரிந்துகொள். இல்லை, சண்டைக்கு மட்டும் போகவில்லை. வியாபாரத்துக்குப் போனார்கள், குளம் வெட்டினார்கள், பாட்டையும் கொண்டுபோனார்கள். நீ கேட்டது சரியான கேள்வி. உட்காரச் சொன்னதுதான் தப்பு.

உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தெரியாவிட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். என்னைப் போல இத்தனை வருஷம் கடன் வைக்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
சிங்கப்பெருமாள் கோயில்