கலைந்ததும் கலைத்ததும்

முதலாண்டு மாணவிகளுக்குத் தன்வினை, பிறவினை நடத்தும்போது நான் 'கலைந்தது, கலைத்தாள்' என்ற இணையைச் சொல்வதுண்டு. மேகம் கலைந்தது, கோலத்தைக் கலைத்தாள். நடுவில் ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகிறது, அவ்வளவுதான். சில ஆண்டுகளாக இந்த எடுத்துக்காட்டை விட்டுவிட்டேன். ஏனென்று கடைசியில் சொல்கிறேன்.

என் சித்தி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீடு மாறியபோது எடைக்குப் போட எடுத்து வைத்திருந்த கட்டில் ஜெய்சிங் பிரபுதாஸ் மோடியின் சட்ட மருத்துவ நூல் கிடைத்தது. 1920-இல் முதன்முதலாக வெளிவந்து, இன்றுவரை திருத்திப் பதிப்பிக்கப்பட்டு, மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் கையில் வைத்திருக்கும் நூல். கருக்கலைப்பு பற்றிய பகுதியில் சித்தி பென்சிலால் கோடு போட்டிருந்தார். "பரீட்சைக்கு வரும்டி, அதான்" என்றார்.

அந்தப் பகுதியை இரண்டு முறை படித்தேன். மார்பில் பால் சுரந்திருக்கிறதா, அடிவயிற்றில் வரிகள் உண்டா, கருப்பை வாய் வட்டமாக இருக்கிறதா பிளவாக இருக்கிறதா, உள்ளே குத்திய காயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். உயிரோடு இருக்கும் பெண்ணின் உடலில் இந்த அடையாளங்கள் ஓரிரு வாரங்களில் மங்கிவிடும் என்பதால் சீக்கிரம் பார்க்கச் சொல்கிறார்கள். இறந்தவள் என்றால் கருப்பையையும் சூலகத்தையும் அறுத்துப் பார்க்கலாம். சேங்கொட்டை, எருக்கு, அரளி, கொடிவேலி என்று நம் ஊர் வேலியோரத்துச் செடிகள் எல்லாம் சட்ட மருத்துவ நூல்களில் சாட்சிகளாக வரிசையில் நிற்கின்றன. கருக்கலைப்புக் குச்சிக்கென்றே தனிக் குறிப்பு உண்டு. இத்தனை சோதனைக்கும் தேடும் விடை ஒன்றுதான்: தானாகக் கலைந்ததா, அவள் கலைத்தாளா? பெண் என்ன சொல்கிறாள் என்பதற்கு அங்கே இடம் குறைவு. அவள் பொய் சொல்லக்கூடியவள் என்ற முன்முடிவோடுதான் சோதனையே தொடங்குகிறது.

இந்தக் கேள்வியைச் சட்டமாக எழுதியது காலனி அரசு. மெக்காலே தலைமையிலான குழு 1837-இல் வரைவை முடித்தது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறி, 1862 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 312-ஆம் பிரிவு, பெண்ணின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு செய்தால் அன்றி, கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டுவரை சிறை என்றது. வயிற்றில் பிள்ளை அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 ஆண்டுவரை. அடியில் ஒரு விளக்கம் இருக்கிறது: தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இந்தப் பிரிவுக்குள் வருவாள்.

பிள்ளை அசைவு என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் மாதத்தில் வயிற்றுக்குள் ஒரு மீன்குஞ்சு துள்ளியது போல இருக்கும். முதலில் அதை அறிபவள் அந்தப் பெண் மட்டும்தான். பழைய இங்கிலாந்தில், மரண தண்டனை பெற்ற பெண் வயிற்றில் அசைவு இருப்பதாகச் சொன்னால், அவளைச் சோதிக்க மூத்த பெண்கள் கொண்ட குழு ஒன்றை நீதிமன்றம் கூட்டும். பெண்களின் அறிவுக்கு நீதிமன்றத்தில் இருந்த சின்ன மரியாதை அது. கருக்கலைப்புச் சட்டத்தில் அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்ற வேறுபாட்டை இங்கிலாந்து 1837-இல் கைவிட்டது. அதே ஆண்டில் முடிந்த மெக்காலே வரைவின் வழியே வந்த நம் சட்டத்திலோ அது தங்கிவிட்டது. அவள் மட்டுமே அறிந்த ஒன்று அவளுக்கே தண்டனையைக் கூட்டும் சாட்சி ஆனது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 88-ஆம் பிரிவிலும் அதே அசைவு, அதே 7 ஆண்டு, அதே விளக்கம். எண் மட்டும் மாறியிருக்கிறது.

யாரைத் தேடியது இந்தச் சட்டம்? நார்மன் செவர்ஸ் வங்காளத்துக்கான தன் சட்ட மருத்துவக் கையேட்டை வெளியிட்டது 1856-இல். விதவை மறுமணச் சட்டம் வந்ததும் அதே ஆண்டுதான். மறுமணத்துக்குச் சட்டம் அனுமதி தந்தும் வீடுகள் தரவில்லை. அந்த வீடுகளின் இளம் விதவைகள்தான் இத்தகைய நூல்களில் திரும்பத் திரும்ப வருகிறார்கள்; கூடவே மருத்துவச்சி. ஊரில் எல்லாப் பிள்ளைகளையும் கையில் ஏந்திய, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்ணான அவள், ஒரு பெண் செத்துப்போனால் 314-ஆம் பிரிவில் குற்றவாளி. கருவுக்குக் காரணமான ஆண், மாமனாரோ கொழுந்தனோ, அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் எழுவாயாக வருவதே இல்லை.

1881-இல் சூரத்தில் விஜயலட்சுமி என்ற இளம் பிராமண விதவைக்கு, பிறந்த குழந்தையைக் கொன்றதாகத் தூக்கு விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் பின்னர் குறைத்தார்கள். அது கருக்கலைப்பு வழக்கல்ல. கலைக்க முடியாமல் போனவளின் வழக்கு என்று நான் வாசிக்கிறேன். அவளைத் தூற்றிப் பத்திரிகைகள் எழுதியபோதுதான் தாராபாய் ஷிண்டே 1882-இல் 'ஸ்த்ரீ புருஷ் துலனா'வை எழுதி, அந்த ஆண் எங்கே என்று கேட்டார். அதற்கும் முன்பே, 1863-இல், பூனாவில் ஜோதிராவ் பூலேயும் சாவித்ரிபாயும் கருவுற்ற விதவைகள் ரகசியமாக வந்து பிள்ளை பெற்றுப்போக ஒரு இல்லம் திறந்திருந்தார்கள். கேள்வி கேட்காமல் கதவைத் திறப்பதும் ஒரு சட்ட மருத்துவம்தான் என்று எனக்குத் தோன்றும்.

சுதந்திர இந்தியா 1964-இல் சாந்திலால் ஷா தலைமையில் குழு அமைத்தது. 1966-இல் அறிக்கை வந்தது. 1971-இல் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். இது பெண்ணுக்குக் கிடைத்த உரிமை என்று நானும் நெடுநாள் நம்பியிருந்தேன். சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்தால் அதன் எழுவாய் பெண் அல்ல, பதிவுபெற்ற மருத்துவர். இன்னின்ன நிலையில் கருவைக் கலைத்தால் அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்கிறது. அவள் சம்மதிக்கலாம், முடிவு செய்வது மருத்துவரின் 'நல்லெண்ணக் கருத்து'. கருத்தடை தவறிய காரணம் மணமான பெண்ணுக்கு மட்டும். 2021-இல் வந்த திருத்தம்தான் 'கணவன்' இருந்த இடத்தில் 'இணையர்' என்று எழுதி, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை நீட்டித்தது. 2022 செப்டம்பர் 29-இல் உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணை அந்த 24 வாரத்திலிருந்து விலக்கிவைக்க முடியாது என்றது. இந்தச் சட்டத்தைப் பொறுத்தவரை வன்புணர்வு என்பதில் கணவன் செய்வதும் அடங்கும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் 24 வாரத்துக்கு 'உரிய வகை'யைக் காட்ட வேண்டும். கணவன் கையெழுத்து எந்தக் காலத்திலும் சட்டப்படி தேவையில்லை. எத்தனை இடங்களில் கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி அந்த எடுத்துக்காட்டு. 2021 திருத்தத்துக்கு முன் ஒருநாள், என் மாணவி ஒருத்தி கல்லூரிக் கழிப்பறையில் மயங்கிக் கிடந்தாள். இரத்தப் போக்கு நிற்கவில்லை. ஆட்டோவில் போட்டு ஒரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பணியிலிருந்த மருத்துவர் சின்ன வயதுப் பெண்தான். முதலில் கேட்டது, "கல்யாணம் ஆயிடுச்சா?" இரண்டாவது, "தானா கலைஞ்சுதா, கலைச்சியா? உண்மையச் சொல்லு, மாத்திரை போட்டிருந்தா நான் போலீசுக்கு எழுதணும்."

பாதி கலைந்து நிற்கும் கருவுக்குச் செய்ய வேண்டிய சிகிச்சை இரண்டு விடைக்கும் ஒன்றேதான் என்று சித்தி பிறகு சொன்னார். அப்போது எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் அந்த இருபது நிமிடம் தாமதிக்க விட்டிருக்கமாட்டேன். அவளுக்கு இருபது வயது, கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்கே இருந்தது. ஆனாலும் என்னிடம் தாளை நீட்டினார்கள். 'உறவு' என்ற இடத்தில் சித்தி என்று எழுதினேன்.

"தானாத்தான் மேடம்" என்றாள் அவள், மருத்துவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். பத்து நாள் கழித்து வகுப்புக்கு வந்தவள், வழக்கம்போல மூன்றாம் வரிசையில் சன்னலோரம் உட்கார்ந்தாள். அன்றைக்கு நடத்த இருந்தது வினைச்சொல் வகைகள். நான் திருந்தினான், திருத்தினான் என்று எழுதிப்போட்டேன்.