ஒரு தடவை சிசேரியன்னா...

அக்காவுக்கு இது ரெண்டாவது. ஏழாம் மாச செக்கப்புக்கு அம்மாவால வர முடியலைன்னு, ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டு நான் கூடப் போயிருந்தேன். டாக்டரம்மா ஃபைலைப் புரட்டிட்டு, "மொதல் குழந்தை சிசேரியன்தானே? அப்ப இதுவும் சிசேரியன்தான். தேதியை வீட்ல பார்த்துச் சொல்லிடுங்க"ன்னாங்க. மொத்தம் நாலே நிமிஷம். சாயங்காலமே அம்மா பஞ்சாங்கத்தோட உட்கார்ந்துட்டாங்க. எனக்குத்தான் ஒரு கேள்வி குடைஞ்சுகிட்டே இருந்துச்சு. இந்த ரூலை யாருப்பா போட்டது?

தேட ஆரம்பிச்சா எங்கெங்கயோ போகுது. மொதல்ல ஒரு பழைய கப்சாவை முடிச்சுடுவோம். ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததாலதான் இந்தப் பேர்னு ஸ்கூல்ல கேட்டிருப்போம். வாய்ப்பே இல்லை. அவரோட அம்மா அவுரேலியா, மகன் வளர்ந்து பெரிய ஆளாகிற வரைக்கும் உயிரோட இருந்தவங்க. ரோமில் வயிற்றைக் கிழிச்சுக் குழந்தையை எடுத்ததெல்லாம் தாய் இறந்த பிறகுதான்.

அதுக்கப்புறமும் பல நூற்றாண்டுக்குக் கதை பெரிசா மாறலை. பாரிஸ் நகரத்தில் 1787லிருந்து 1876 வரை இந்த ஆபரேஷன் செஞ்சுகிட்ட ஒரு தாய்கூடப் பிழைக்கலைன்னு மருத்துவ வரலாற்றில் எழுதி வெச்சிருக்காங்க. இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? வயித்துத் தோலைத் தைப்பாங்க, கர்ப்பப்பையைத் தைக்க மாட்டாங்க! அது தானா சுருங்கி மூடிக்கும்னு நம்பிக்கை. உள்ளே போட்ட தையலை அப்புறம் எப்படிப் பிரிக்கிறதுங்கற பயம் வேற. ரத்தப்போக்குலயோ சீழ் பிடிச்சோ தாய் போய்ச் சேர்ந்துடுவா.

1876ல் இத்தாலியின் பாவியா நகரத்தில் எதுவார்தோ போர்ரோ ஒரு முரட்டு வழி கண்டுபிடிச்சார். குழந்தையை எடுத்த கையோட கர்ப்பப்பையையும் எடுத்துடறது. தாய் பிழைச்சா, ஆனா அதோட சரி, இன்னொரு குழந்தை கிடையாது. 1882ல் ஜெர்மனியின் மாக்ஸ் சேங்கர்தான் வெள்ளிக் கம்பியாலயும் பட்டு நூலாலயும் கர்ப்பப்பையை முறையாத் தைக்கணும்னு எழுதினார். அப்போ அவருக்கு முப்பது வயசுகூட ஆகலை. (அந்த வயசுல நான் கோட்ல கமாவைத் தேடிகிட்டு இருக்கேன்!)

தைச்சாச்சு, தாய் பிழைச்சாச்சு. இங்கதான் புதுசா ஒண்ணு முளைச்சுது. தழும்பு. அடுத்த பிரசவத்தில் அந்தத் தழும்பு தாங்குமா?

அக்காகிட்ட டாக்டரம்மா சொன்ன அதே வாக்கியம் 1916ல் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின் எழுதின கட்டுரையில் இருக்கு. ஒருமுறை சிசேரியன்னா எப்பவுமே சிசேரியன். ஆனா அவர் அதைச் சொன்னது எதுக்காக? 'ஒரு தடவை கிழிச்சா அந்த வினை பின்னாடியே வரும், அதனால மொதல் சிசேரியனை லேசுல செய்யாதீங்கய்யா'ன்னு சக டாக்டர்களை எச்சரிக்கறதுக்காக! விதிவிலக்கு நிறைய உண்டுன்னும் கூடவே எழுதியிருக்கார். அந்த எச்சரிக்கை உதிர்ந்துபோய் வாக்கியம் மட்டும் நூறு வருஷத்தைத் தாண்டி வந்திருக்கு.

இன்னொண்ணு, அவர் காலத்தில் கர்ப்பப்பையின் மேல்பாகத்தை நெடுக்குவாட்டில் வெட்டினாங்க. 1920களில் கிளாஸ்கோவின் மன்ரோ கெர், கீழ்ப்பாகத்தில் குறுக்குவாட்டில் வெட்டறதைப் பரப்பினார். இன்னைக்குப் பெரும்பாலும் இதுதான். இந்தத் தழும்பு அடுத்த பிரசவ வலியில் கிழியற வாய்ப்பு நூத்துக்கு ஒண்ணுக்கும் கம்மி. ஆனா கிழிஞ்சா ஆபத்து பெரிசு, அதனால உடனே ஆபரேஷன் பண்ற வசதியுள்ள இடமா இருக்கணும். முயற்சி பண்றவங்கள்ல 60லிருந்து 80 சதவீதம் பேருக்கு சுகப்பிரசவம் ஆகுது.

சரி, எதுக்கு வம்பு, ரெண்டாவதும் ஆபரேஷனே பண்ணிடலாமேன்னு கேட்டா, வம்பு அங்கயும் இருக்கு. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு போய்ப் பழைய தழும்பு மேலயே ஒட்டி வேர் விட்டா, பிரசவத்தப்போ அது பிரிஞ்சு வராது. ரத்தம் கொட்டும். பல சமயம் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும். அதாவது திரும்பவும் போர்ரோ! 2006ல் அமெரிக்காவில் வந்த ஒரு பெரிய ஆய்வில், நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைச்சு இருந்த பெண்களை மட்டும் எடுத்துப் பார்த்திருக்காங்க. முதல் சிசேரியனில் 3 சதவீதம் பேருக்கு இப்படி வேர் விட்டிருந்தது. இரண்டாவதில் 11. மூன்றாவதில் 40.

சிசேரியனே கூடாதுன்னு சொல்ல வரலை. அக்கா பொண்ணு இன்னைக்கு ஓடியாடறதே அதாலதான், கொடி சுத்திகிட்டு மூச்சுத் திணறினப்போ அவசரமா எடுத்தாங்க. ஆனா நம்ம தமிழ்நாட்டு நிலவரத்தைப் பாருங்க. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 2005-06ல் பிரசவங்களில் சுமார் 20 சதவீதம் சிசேரியன். 2019-21ல் 44.9. தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் 63.8. பத்து சதவீதத்துக்கு மேல போனா தாய் சேய் இறப்பு கூடுதலாக் குறையறதாத் தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல் சொல்லியிருக்கு.

இன்னொரு டாக்டர்கிட்ட அக்காவைக் கூட்டிட்டுப் போனோம். அவங்க கேட்ட மொதல் கேள்வி, "உள்ளே எப்படி வெட்டினாங்க, குறுக்கவா நெடுக்கவா?" வெளித்தழும்பைப் பார்த்து அதைச் சொல்ல முடியாதாம். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பார்த்தா ஒரே வரிதான்: 'சிசேரியன் செய்யப்பட்டது'. ஆபரேஷன் குறிப்பு கேட்டு அந்தப் பழைய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதிக் கொடுத்திருக்கேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க.

அம்மா இன்னும் பஞ்சாங்கத்தை மூடலை.