லான்மாஸ்ரர் செய்தவரின் ஆகாயம்

யாழ்ப்பாணத் தீவுகளில், வேலணையிலும் புங்குடுதீவிலும், இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஒரே பெயர்தான். சீனாவில் செய்தாலென்ன, ஜப்பானில் செய்தாலென்ன, அது லான்மாஸ்ரர். புகையிலைத் தோட்டம் உழுததும், பெட்டி பூட்டிக் கல்லும் மண்ணும் ஏற்றியதும், செத்தவீட்டுக்குச் சனத்தைக் கொண்டுபோனதும் அதுதான். ஊர்காவற்றுறையில் நான் வைத்திருந்த பட்டறையில் எப்போதும் ஒன்றாவது எஞ்சின் கழற்றியபடி கிடக்கும்.

அந்தப் பெயரை எங்களுக்குத் தந்த இயந்திரத்தை வடிவமைத்தவர் ரே விஜேவர்தன. 1924இல் பிறந்து கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர். ஐம்பதுகளில் இங்கிலாந்தில் உற்பத்தியான லான்மாஸ்ரர் அவருடைய மூளையில் உதித்தது. பிற்காலத்தில் அதைப் பற்றி அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. எருமை பால் தரும், சாணம் தரும், கன்று போடும். இயந்திரம் எண்ணெய் மட்டும் குடிக்கும் என்பது அவர் வாதம். பிழைப்பு அதில்தான் என்றாலும், அந்த வாதத்துக்கு என்னிடமும் பதில் இல்லை.

ஆனால் அவருடைய தீராத ஆசை பறப்பில் இருந்தது. சிறு விமானங்களைத் தானே வரைந்து, தானே கட்டி, தானே ஏறி ஓட்டிச் சோதித்தார். ஹெலிகொப்ரரும் ஓட்டினார், ஜைரோகொப்ரரும் ஓட்டினார். இடையில் 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்வள்ளப் போட்டியிலும் கலந்துகொண்டார். 2010 ஓகஸ்ட்டில் காலமானார். இலங்கையில் விமானத்தை ஆயுட்காலப் பொழுதுபோக்காகவே வைத்திருந்த ஒருவர் யார் என்று கேட்டால் நான் இவரைத்தான் சொல்வேன். அவர் செய்ததில் மண்ணில் ஓடியது மட்டும் எங்கள் தீவுக்கு வந்தது. ஆகாயத்தில் ஓடியது தெற்கிலேயே நின்றுவிட்டது.

பறப்பு தெற்கோடு நின்றுவிடுவது புதிதல்ல. கொழும்பை அடுத்த இரத்மலானையில் முதலில் இறங்கிய விமானம் ஒரு சின்னப் பஸ் மொத். 1935 நவம்பர் 27ஆம் திகதி, சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் ரின்டேல் பிஸ்கோ அதை ஓட்டிவந்தார். அந்தக் காலத்துப் பறப்புக் கழகங்களில் துரைமாரும் பெரும் பணக்காரரும்தான் அதிகம். தமிழரில் கோட்டையூர் அழகப்பச் செட்டியார் லண்டனில் பாரிஸ்டர் படிப்போடு குரொய்டனில் விமானம் ஓட்டவும் பழகிச் சான்றிதழ் வாங்கினார். அதற்குக் காசும் வேண்டும், வீட்டில் தடுக்காத ஆட்களும் வேண்டும். 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து எங்கள் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் போனது. அது பயணிகளுக்கானது, டக்கோட்டா. காங்கேசன்துறைக்குப் பக்கத்தில் பலாலியில் அது இறங்குவதை வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதுதான் எங்கள் மூத்தவர்களுக்குக் கிடைத்த பொழுதுபோக்கு.

சிறிய விமானம் எங்கள் தலைக்கு மேல் உண்மையில் வந்தது எண்பதுகளின் நடுவில். சியாமாசெற்றி. இத்தாலியர் ஸ்ரெலியோ பிராத்தி வரைந்த எஸ்.எப். 260, முதலில் பறந்தது 1964இல். வேகத்துக்கும் வான் சாகசத்துக்கும் பேர்போன அழகான இயந்திரம்; ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வசதியானவர்கள் இன்றும் அதைச் சொந்தமாக வைத்துச் சனி ஞாயிறுகளில் பறக்கிறார்கள். இலங்கை விமானப்படை 1985இல் அதை வாங்கியது. எங்களுக்கு அது பொம்மர். சத்தம் கேட்டதும் சட்டி பானையை விட்டுவிட்டுப் பங்கருக்குள் பாய்ந்தோம். பிறகு புலிகளும் அதே வழியில் போனார்கள். செக் நாட்டு ஸ்லின் 143, நாலு பேர் இருந்து ஊர் பார்க்கப் போகச் செய்த விமானம், 2007 மார்ச் 26 அதிகாலை கட்டுநாயக்காவில் குண்டு போட்டது. 2009 பெப்ரவரியில் ஒன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் போய் மோதியது. உலகத்தில் உல்லாசத்துக்கென்று செய்த இரண்டு விமானங்கள். இரண்டையும் நாங்கள் அறிந்தது இப்படித்தான்.

சும்மா சந்தோசத்துக்கு வானத்தில் எதையாவது விட்டதென்றால் அது பட்டம்தான். விண் பூட்டிப் பனையில் கட்டிவிட்டால் விடியும்வரை கூவும். 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஓர் இளைஞன் பெரிய பட்டத்தின் கயிற்றை விடாமல் பிடித்து, அதோடு மேலே போய்ப் பெரிய காயமில்லாமல் இறங்கினான். செய்தியில் பார்த்த என் மனைவி திட்டினாள். எனக்கு அந்தப் பொடியனில் மரியாதை.

கனடாவில், மார்க்கம் நகரில் இருக்கும் என் தங்கையின் மகனுக்கு விமானி அனுமதிப்பத்திரம் உண்டு. நண்பர்களோடு பங்குபோட்டு ஒரு செஸ்னா 172 வைத்திருந்தான், பட்டன்வில் விமான நிலையத்தில். 2023 நவம்பர் கடைசியில் அந்த நிலையத்தை மூடிவிட்டார்கள், இப்போது அந்தச் செஸ்னா தூரத்து இடமொன்றில் நிற்கிறது. நான் போனபோது மூடியைத் திறந்து காட்டினான். நாலு சிலிண்டர், காற்றிலே குளிரும் எஞ்சின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், அவற்றுக்கு இரண்டு மக்னீற்றோ. ஒன்று செத்தால் மற்றது ஓடும். ஏறுவதற்கு முன் ஒன்றை நிறுத்தி, பிறகு மற்றதை நிறுத்திச் சுழற்சி எவ்வளவு விழுகிறது என்று பார்க்கவேணும். பட்டறைக்காரனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. ஏறி இருந்தேன்.

மேலே போய் வந்த பிறகு, எங்கள் பக்கத்து நெடுந்தீவில் இறங்கலாமா என்று அவன் அதன் வரைபடத்தை எடுத்துவைத்துக் கணக்குப் பார்த்தான். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர், மலை இல்லை, மேடு இல்லை. செஸ்னாவுக்கு 500 மீற்றர் தரை கிடைத்தால் போதும்.

"பலாலியை 2019இல திறந்திட்டாங்கள்தானே மாமா. அங்க வந்து, பிறகு நெடுந்தீவுக்கு."

"குதிரையள் நிக்கிற வெளியடா அது. ஆர் கலைக்கிறது?"

"முதல் ஒருக்கா நல்லாத் தாழப் பறந்தால் அதுகள் ஓடும். கனடாவின்ர வடக்கில அப்பிடித்தான் செய்யிறவை."

"தாழப் பறந்தியெண்டால் குதிரைக்கு முதல் சனம் ஓடும்" என்றேன்.

ஏன் என்று கேட்டான். அவன் மார்க்கத்தில் பிறந்தவன்.