ராணிக்கு எதிரே ஒரு சிப்பாய்

சதுரங்கத்தில் மிக வலிமையான காய் ராணி. மிகச் சாதாரணமான காய் சிப்பாய். இரண்டு ராஜாக்களைத் தவிர இவை மட்டும் பலகையில் மிஞ்சினால் யார் ஜெயிப்பார்கள்? ராணிதான் என்று சட்டென்று சொல்லத் தோன்றும். ஆனால் சிப்பாய் இன்னும் ஒரே கட்டம் போனால் ராணியாகிவிடும், அதன் ராஜா பக்கத்திலேயே நிற்கிறது, எதிரி ராஜா தூரத்தில் இருக்கிறது என்றால்? அப்போது சிப்பாய் எந்த வரிசையில் நிற்கிறது என்பதுதான் முடிவைச் சொல்லும்.

பி, டி, இ, ஜி வரிசைகளில் பொதுவாக ராணிக்கு வெற்றி. மாறி மாறிச் செக் கொடுத்து எதிரி ராஜாவைச் சிப்பாயின் முன்னால் போய் நிற்க வைக்க வேண்டும். வழி அடைபட்ட சிப்பாய் நகராது. கிடைத்த அந்த ஒரு நடையில் தன் ராஜாவை ஒரு கட்டம் அருகே கொண்டுவரலாம். பிறகு மறுபடியும் செக்... ஏ, எச் வரிசைகளில் இந்த வித்தை பலிக்காது. மூலைக்குள் போன ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை. ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. சி, எஃப் வரிசைகளில் நடப்பது இன்னும் வேடிக்கை. ராஜா சிப்பாயைக் கைவிட்டு மூலைக்கு ஓடும். ராணி சிப்பாயை வெட்டினால் அதுவும் ஸ்டேல்மேட்!

வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்யப்படும் இந்தக் கணக்கு, சதுரங்கத்தோடு கூடவே பிறந்ததல்ல. பழைய ஆட்டத்தில் ராணியே கிடையாது. அந்த இடத்தில் நின்றவர் மந்திரி, குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்வார். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் அந்தக் காய்க்கு இன்றைய பலம் வந்தது. 1497ல் ஸ்பெயினில் லூசேனா அச்சிட்ட நூலில் பழைய ஆட்டம், புதிய ஆட்டம் இரண்டுக்குமே புதிர்கள் இருக்கின்றன.

ஸ்டேல்மேட்டின் கதை இன்னும் குழப்பமானது. அரபு நாட்டு ஆட்டத்தில் அடைத்தவருக்கு வெற்றி. 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நேர் எதிராக, அடைபட்டவருக்கு வெற்றி! அதாவது இன்று டிரா ஆகும் அதே ஆட்டம் அங்கே ராணி வைத்திருந்தவருக்குத் தோல்வியாக முடிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில்தான் டிரா என்பது அங்கே நிலைத்தது.

நம் நாட்டிலோ வேறொரு விதி இருந்தது. பின்னாளில் இங்கும் மந்திரி ராணியின் பலத்தைப் பெற்றுவிட்டார். ஆனால் கடைசிக் கட்டத்தைத் தொட்ட சிப்பாய் நினைத்த காயாக மாற முடியாது. ஊருக்கு ஊர் விதி மாறினாலும், எந்த வரிசையில் போய்ச் சேர்கிறதோ அந்த வரிசைக் காயாகவே மாறும் என்பது பரவலான வழக்கம். ஓரத்துச் சிப்பாய் யானையாகும், அதற்கடுத்தது குதிரையாகும். நடு இரண்டு வரிசைகளில்தான் மந்திரி. இப்போது மேலே உள்ள கணக்கைத் திருப்பிப் பாருங்கள். இன்று டிராவுக்குப் பேர்போன ஓரத்துச் சிப்பாய் அங்கே ஒரு யானையை மட்டுமே தரும். இன்று எளிதில் தோற்கும் நடுச் சிப்பாய்தான் அங்கே ஆபத்தானது!

1814ல் பம்பாயில் திருவேங்கடாச்சாரிய சாஸ்திரி தம் சமஸ்கிருத சதுரங்க நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது, ஐரோப்பிய முறைக்கு ஏற்ப மாற்றியது என்று தலைப்பிலேயே போட்டார். நாட்டு ஆட்டம் விட்டுக்கொடுக்கத் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

பஞ்சாபின் மீர் சுல்தான் கானுக்கு இந்த மாற்றம் வாழ்க்கையிலேயே நேர்ந்தது. சிறுவயதில் நாட்டு விதியில் ஆடியவர், 1926 வாக்கில்தான் ஐரோப்பிய விதிக்கு மாறினார். 1929ல் பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933லும் அவரே. ஒரு மொழியை மறந்து இன்னொன்றைக் கற்பது போன்ற வேலை அது. ஃபிடே அவருக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் தந்தது 2024ல். அவர் இறந்தது 1966ல்.

1961ல் மானுவேல் ஆரோன் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனதும், 1972ல் சென்னை சோவியத் கலாசார மையத்தில் தால் செஸ் கிளப் தொடங்கியதும் இந்தப் புதிய விதியில்தான். இன்று அருமனையில் ஆடினாலும் ஆஸ்லோவில் ஆடினாலும் ஒரே விதி.

2013 நவம்பர் 21, சென்னை, உலக சாம்பியன் போட்டியின் 9வது ஆட்டம். ஆனந்த் முழு வேகத்தில் ராஜாவைத் தாக்கிக்கொண்டிருக்க, கார்ல்சனின் ஒரு சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போய் ராணியாகிச் செக் சொன்னது. ஆனந்த் அதைக் குதிரையால் தடுத்தார். அது தவறு. அடுத்த நடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அந்தச் சிப்பாய் போய்ச் சேர்ந்தது பி வரிசையில். நாட்டு விதிப்படி அது வெறும் குதிரை.