அகழியும் மதிலும்

படப்பை வழியே செல்லும் வாலாஜாபாத் சாலை, கிழக்கே வண்டலூரை அடைகிறது. ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்குப் பணியாளரை ஏற்றிய பேருந்துகள் ஓயாது ஓடும் அச்சாலை முடியும் ஊரில், அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அமைந்துள்ளது. 1855-இல் எட்வர்டு பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக் காட்சிசாலை, பின்னர் பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் கூண்டுகளோடு இருந்து, 1985-இல் வண்டலூர்க் காட்டிற்குக் குடிபெயர்ந்தது. கம்பிகள் மறைந்தன, அவற்றின் இடத்தில் அகழிகள் வந்தன.

கண்ணுக்குத் தெரியாத தடையாக அகழியை அமைக்கும் இம்முறையை 1907-இல் ஹாம்பர்க் நகரில் உலகறியச் செய்தவர் கார்ல் ஹாகன்பெக். அவருடைய நாடே பின்னர் இரண்டாகப் பிளவுண்டது. பெர்லினின் பழைய விலங்குக் காட்சிசாலை மேற்குப் பகுதிக்குச் சென்றுவிடவே, கிழக்கின் பொதுவுடைமை அரசு 1955-இல் ஃபிரீட்ரிக்ஸ்ஃபெல்டே அரண்மனைத் தோட்டத்தில் புதியதொரு பூங்காவைத் திறந்தது. மக்கள் ஊதியமின்றி உழைத்தும் நன்கொடை ஈந்தும் அதனை எழுப்பினர். விலங்குகளுக்குப் பரந்த வெளி கிடைத்தது.

ஆனால் 1961 ஆகஸ்டு 13-இல் அதே அரசு தன் குடிமக்களையே அடைத்தது. அன்று எழத் தொடங்கிய மதிலுக்கு அது இட்ட பெயர், 'பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்'. வேலை உண்டு, வீடு உண்டு, மருத்துவம் உண்டு. வெளியே செல்லும் வழி மட்டும் இல்லை. 1989 நவம்பர் 9-இல் வாயில் திறக்கும்வரை, அம்மதிலருகே மாண்டவர் குறைந்தது 140 பேர்.

'பாதுகாப்பு' என்னும் சொல்லை நாம் இங்கே நிறுத்தி ஆராய வேண்டும். வண்டலூரிலும் அச்சொல் வழங்குகிறது. சர்க்கஸில் சிங்கம், புலி முதலியவற்றைப் பழக்குவதற்கு 1998-இல் விதிக்கப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2001-இல் உறுதி செய்தது. அவ்வாறு மீட்கப்பட்ட விலங்குகளுக்கு இங்கே புகலிடம் அமைந்தது. கூண்டிலேயே பிறந்து வளர்ந்த சிங்கத்திற்கு வேட்டையாடத் தெரியாது. காட்டில் விட்டால் அது மடியும். எனவே அதற்கு அகழியும் உணவும் அளிப்பது தயவன்று. மனிதர் இழைத்த தீங்கிற்கு மனிதர் செலுத்தும் கடன்.

மனிதரை அவ்வாறு கருத எவருக்கும் உரிமையில்லை. உணவளித்தோம், உறைவிடம் தந்தோம் என்று கூறி ஒருவரை அடைத்து வைப்பது, அவரை வளர்ப்பு விலங்காக எண்ணுவதேயாகும். பெர்லின் மக்கள் அதனைத் தம் கால்களால் மறுத்தனர். பிறர் நலம் பேணும் பொறுப்பு நம்மிடம் உள்ள இடங்களில், இல்லத்திலாயினும் ஆலையிலாயினும், கதவு திறந்திருக்கிறதா என்று நாம் கேட்போமாக.